ஊசி போடாதவர்களின் மேசை

நான் இரண்டு ஊசியும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டவள். முதல் ஊசியன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கடைசி நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விட, அவருடைய இடத்தையும் பிடித்துக்கொண்டு சீக்கிரமாகவே முடித்துவிட்டு வந்தேன். இரண்டாவது ஊசிக்கு ஒரு நாள் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன். அதைப் படமெடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு அனுதாபமும் வாங்கினேன். அப்படிப்பட்டவள், வேலையிடத்தில் ஏறக்குறைய நான்கு மாதம் ஊசியே போடாதவளாக நடித்தேன். ஏன் என்று கேட்டால் வெட்கத்தோடு சொல்கிறேன், வாய் விட்டுப் பேசுவதற்காகத்தான்.

எங்கள் தீவில் ஜெலுத்தோங் என்ற இடத்தில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பெட்டிகளின் மேல் அச்சாகும் எழுத்துகளும் படங்களும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு எழுத்தின் கால் தேய்ந்திருந்தாலும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். இயந்திரங்கள் போடும் சத்தத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் செய்கிற வேலை அது. இருபது வருடமாக என்னை அந்த வேலையில் உட்கார வைத்தது சம்பளம் பாதி, மதியம் கேண்டீனில் கிடைத்த பேச்சு பாதி.

கோவிட் வந்து அந்தப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டது. பூட்டியிருந்த கேண்டீனை மறுபடி திறந்தபோது உள்ளே போய்ப் பார்த்ததும் எனக்குப் பரீட்சை மண்டபம் ஞாபகம் வந்தது. மேசைக்கு ஒரு ஆள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தடுப்பு. சாப்பிடும்போது பேசாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் என் முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தபடி பருப்பும் சோறும் பிசைந்து விழுங்கினேன். ஒரு வாரத்தில் அவர் பிடரியில் எத்தனை மச்சம் தெரிகிறது என்று எனக்கு மனப்பாடம்.

ஊசி போடாதவர்களுக்கு அந்த மண்டபத்திலும் இடமில்லை. கேண்டீன் வாசலில் நேப்பாளத்து ஜாகா ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கைப்பேசியில் இரண்டு ஊசிக்கான அட்டையைக் காட்டினால்தான் காவல்காரர் உள்ளே விடுவார். காட்டாதவர்களுக்குப் பின்பக்கம், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். அங்கே உட்கார வைத்தால் வெட்கப்பட்டாவது போய்ப் போட்டுக்கொள்வார்கள் என்று முதலாளி நினைத்தாராம். நேரம் பதிகிற இடத்தில் ஒரு பலகையும் மாட்டினார்கள். எந்தப் பிரிவில் எத்தனை பேர் ஊசி போட்டிருக்கிறார்கள் என்பதைக் கலர் கலராகக் காட்டும் பலகை. எங்கள் பிரிவு எப்போதும் அடியில் சிவப்பாகக் கிடந்தது. டெல்டா வகைக் கிருமி வந்தபோது எங்கள் பிரிவை ஒரு வாரம் இழுத்து மூடிய கோபம் முதலாளிக்கு இன்னும் இருந்தது. அடுத்து வேறொரு பெயரில் ஒன்று வருகிறது என்று செய்தியில் சொல்லச் சொல்ல, பலகையின் முன்னால் அவர் நிற்கிற நேரமும் கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் மதியம் என் கைப்பேசியில் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. ஜாகாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம்தானே என்றேன். முகத்தை மாஸ்க் மறைத்திருக்கிறதே என்று அவர் நியாயமாகவே பதில் சொல்லி, பின்பக்கம் கையைக் காட்டினார். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு முனகியபடியே போனேன்.

அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன், அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரி ஏறி வருகிறவர். இரண்டாவது, பேக்கிங்கில் வேலை செய்கிற தங்கச்சி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்றாவது, ஸ்டோரில் கணக்கு எழுதும் அக்கா. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், தனியாக இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையைத் தவற விடாத கத்தோலிக்கர். மூன்று பேரும் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஆளுக்கொரு டப்பா திறந்திருந்தது. முக்கியமாக, அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தன் பக்கத்து வீட்டுக்காரர் சேவல் வளர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரடங்கில் பொழுது போகாமல் வளர்த்த சேவல், தடை நீங்கியதும் அவரை விட்டுப் பிரிய மறுத்ததாம். ஒரு நாள் மோட்டாருக்குப் பின்னாலேயே துறை வரைக்கும் ஓடி வந்து ஃபெரியிலும் ஏறிவிட்டது. நடுக்கடலில் அது கூவ, சிப்பந்தி வந்து யாருடைய சேவல் என்று கேட்க, அந்த மனிதர் கடலைப் பார்த்துக்கொண்டு முன்பின் தெரியாதவர் மாதிரி நின்றாராம். அண்ணன் அந்த நிற்பையும் நடித்துக் காட்டினார். எனக்குக் குழம்பு மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் சாப்பாட்டு நேரத்தில் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு அண்ணன் என்னைப் பார்த்து, "நீங்களும் போடலையாக்கா?" என்றார்.

வாயில் சோறு இருந்தது. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படியொரு ஆட்டம். அவர்கள் தங்களுக்கு வேண்டிய விதத்தில் எடுத்துக்கொண்டு, அண்ணன் சம்பல் டப்பாவை என் பக்கம் தள்ளினார். அவர் மனைவி அரைத்த நெத்திலிச் சம்பல். அதைத் தொட்டு நாக்கில் வைத்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் என் கைப்பேசி நிறைய சார்ஜோடு இருந்தது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நேரே பின்பக்கம் நடந்தேன்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அது தினமும் தீனி கேட்டது. திங்கட்கிழமைதோறும் ஊசி போடாதவர்கள் எச்சில் பரிசோதனை செய்து காட்ட வேண்டும். நான் மட்டும் செய்யாமல் இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று நானும் ஒரு டெஸ்ட் கிட் வாங்கிக்கொண்டு போய், கொட்டகை ஓரத்தில் அவர்களோடு வரிசையாக நின்று குழாய்க்குள் துப்பினேன். வீட்டில் இதைச் சொன்னபோது, பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், நீ சாப்பிடப் போகிறாயா நாடகத்துக்குப் போகிறாயா என்று கேட்டார்.

ஏன் போடவில்லை என்ற பேச்சு ஒரு நாள் வந்தே தீர்ந்தது. அண்ணனுக்குக் காரணம் ரோஷம். முதல் ஆளாகப் போட்டுக்கொள்ளத்தான் இருந்தாராம். அதற்குள் அவருடைய ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, போடாவிட்டால் வேலை இல்லை என்று விரலை ஆட்டியிருக்கிறான். "கேட்டிருந்தா போட்டிருப்பேங்க்கா. மெரட்டினான், போடல," என்றார். தங்கச்சிக்குக் குழந்தை வேண்டும். ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்று மாமியாருக்கு யாரோ ஒலிச்செய்தி அனுப்ப, மாமியார் அதை மருமகளுக்கு அனுப்பி, கூடவே கைகூப்பும் படத்தையும் போட்டிருந்தார். ஸ்டோர் அக்கா தன் காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்தார்.

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்துக்கே ஊசி ஒத்துக்கொள்ளாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டர்வொர்த்தில் இருக்கிற எங்கள் அத்தை ஊசி போட்ட அன்றைக்கே மயங்கி விழுந்தார், இடது கை இன்னும் சரியாக வரவில்லை என்று சேர்த்தேன். அந்த அத்தை எனக்கு முன்பே இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு, அந்த இடது கையால்தான் தினமும் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இடது கைப் பழக்கம்.

தங்கச்சி இளகிய மனசுக்காரி. அத்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பாள். விரல் அசைகிறதா, கரண்டி பிடிக்கிறாரா என்பாள். திடீரென்று குணமாக்கினால் சந்தேகம் வரும் என்று ஒரு மாதம் எடுத்துக்கொண்டு அத்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினேன். நடுவில் ஒரு வாரம் சற்று மோசமாகக்கூட ஆக்கினேன், கதைக்கு நம்பிக்கை வர வேண்டுமே. அந்த வாரம் தங்கச்சி தன் பர்ஸிலிருந்து விபூதிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, அத்தைக்குப் பூசிவிடச் சொன்னாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அதைவிட மோசமான ஒன்று அடுத்த வாரம் நடந்தது. தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் மாமியாருக்குத் தெரியாமல் ஒரு சனிக்கிழமை ஊசிக்கு நாள் குறித்து வைத்திருந்தார்களாம். அவள் அதை ரத்து செய்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். அத்தையின் கையை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். அதோடு, நீங்க இவ்வளவு விவரமானவங்க, நீங்களே போடலையேக்கா என்றாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அண்ணன் வீட்டிலிருந்து மீன் கறி வந்திருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மீனை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்து, மனிதவளப் பிரிவு அம்மா என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். சாந்தமான மலாய்க்காரப் பெண்மணி, குரலை உயர்த்தியே கேட்டதில்லை. மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, நான் இரண்டு ஊசி போட்டதற்கான சான்றிதழின் நகல். இன்னொன்று ஜாகாவின் குறிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தது. வெளி மேசையில் உட்கார்ந்தவர்களின் பட்டியலில் என் பெயர் தினமும் இருந்தது. போலிச் சான்றிதழ் விற்றவர்களைப் பிடித்த செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் ரொம்ப மரியாதையாக, இந்தச் சான்றிதழ் உண்மையானதுதானா என்று கேட்டார்.

வெளியே போடாதவள் என்று நிரூபிக்கிறேன், உள்ளே போட்டவள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியைத் திறந்து காட்டினேன். ஊசி மண்டபத்தில் எடுத்த படத்தையும், காய்ச்சலில் படுத்திருந்த படத்தையும்கூடக் காட்டினேன். அப்படியானால் ஏன் அங்கே போய் உட்காருகிறீர்கள் என்றார். பேசத்தான் என்றேன். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் இரண்டும் சுருங்கின. எவ்வளவோ அடக்கியும் தோள் குலுங்கியது.

சிரித்து முடித்துவிட்டு அவர் ஒரு வேலை கொடுத்தார். தான் எத்தனை தடவை கூப்பிட்டுப் பேசினாலும் அந்த மேசைக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், நீங்கள் அங்கேயே இருக்கிறீர்களே, பேசிப் பாருங்கள் என்றார். அப்படியாக, போடாதவளாக நடிக்கிற போட்டவள், போடாதவர்களைப் போடச் சொல்லும் ஒற்றரானேன்.

அந்த உத்தியோகத்தில் நான் படுதோல்வி. புதிதாக வரும் ஓமிக்ரான் வேகமாகப் பரவுமாமே என்று மெதுவாக ஆரம்பிப்பேன். அதான் ஊசி போட்டவனுக்கும் வருதே என்பார் அண்ணன். வந்தாலும் லேசாகப் போய்விடுமாம் என்பேன். பிறகு ஏன் நீங்கள் போடவில்லை என்று தங்கச்சி கேட்பாள். அத்தையை நானே அல்லவா படுக்க வைத்திருந்தேன். ஒரு நாள் அண்ணன், "என்னாக்கா, இப்பல்லாம் ஆஃபிஸ் மேடம் மாதிரி பேசுறீங்க லா," என்று சிரித்தார். ஸ்டோர் அக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் சோற்றைக் கவனித்தார்.

அந்த வருடப் பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு புதன்கிழமை தொண்டை கட்டியது. பரிசோதித்தோம், ஒரு கோடுதான் விழுந்தது, தொற்று இல்லை. வெள்ளிக்கிழமை எனக்கும் தொண்டையில் லேசாக முள் குத்துவது போல இருந்தது. வெயிலில் ஐஸ் தண்ணீர் குடித்ததாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் நான்கு பேரும் ஒரே சம்பல் டப்பாவில் தொட்டுச் சாப்பிட்டோம். அன்றைக்கு நான்தான் கதை சொன்னேன். எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வீட்டிலேயே துப்பிப் பார்த்தேன். இரண்டு கோடு. செவ்வாய்க்கிழமை தங்கச்சிக்கும் அண்ணனுக்கும் வந்துவிட்டது. ஸ்டோர் அக்காவுக்கு மட்டும் வரவில்லை.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நான்கு நாள் சளி, உடம்பு வலி, அவ்வளவுதான். தங்கச்சி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். அண்ணனுக்கு ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, அக்கரையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை வேறு இருந்தது. சேவல் கதை சொன்ன மனிதர் அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் அவருடைய எண்ணுக்கு அழைத்தேன். அவர் மனைவி எடுத்தார். முன்பின் பார்த்ததில்லை, அவர் அரைத்த சம்பலைத்தான் தெரியும். அண்ணனால் பேச முடியவில்லை, டாக்டர் கவிழ்ந்து படுக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு என்னைப் பற்றிக் கேட்டார்.

"நீங்களும் ஊசி போடாதவங்கதானேக்கா, கவனமா இருங்க. மூச்சு வாங்கிச்சின்னா வீட்டுல இருக்காதீங்க, ஒடனே போயிருங்க."

சரி என்றேன். கைப்பேசியை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து கதவைத் தட்டி, காய்ச்சல் கூடிவிட்டதா என்று கேட்டார். நான் அவரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன், அத்தையின் இடது கை உட்பட. விபூதி கொடுத்த அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்லு என்றார்.

தனிமை நாள்கள் முடிந்து வேலைக்குப் போனபோது தகரக் கூரைக்குக் கீழே தங்கச்சியும் ஸ்டோர் அக்காவும்தான் இருந்தார்கள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நான் இரண்டு ஊசியும் போட்டவள், உங்களோடு பேச ஆசைப்பட்டுத்தான் இங்கே வந்தேன், தொண்டை வலியோடு வந்து உட்கார்ந்ததும் நான்தான் என்றேன்.

தங்கச்சிக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு, "அப்ப உங்க அத்தை?" என்றாள்.

"நல்லா இருக்காங்க."

"கை?"

"கையும்தான்."

அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு மேசையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டாள். ஸ்டோர் அக்கா ஒன்றுமே நடக்காதது போல ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு ஊசி போட்டவங்களுக்குக் கம்பெனியில தண்ணி போத்தல் குடுத்தாங்கல்ல. ஸ்டோர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

முதல் நாளே அவருக்குத் தெரியும். நான் திங்கட்கிழமை தவறாமல் துப்பியதையும் அத்தையைப் படுக்க வைத்து எழுப்பியதையும் நான்கு மாதம் ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, எவ்வளவு தூரம் போவீர்கள் என்று பார்க்கலாம் என்றுதான் என்றார். அத்தைக்கு இரண்டாவது தடவை மோசமானபோது, சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து கைகழுவப் போனதாகவும் சொன்னார்.

தங்கச்சி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கோடியிலிருந்தபடியே, ஊசி போட்ட பிறகு உங்களுக்கு என்னென்ன செய்தது என்று கேட்டாள். காய்ச்சல், கை வலி, எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிள்ளை விஷயம் எனக்குத் தெரியாது, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன். மூன்றாவது ஊசி போட்டுவிட்டீர்களா என்று அடுத்த கேள்வி வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மூன்றாவதற்கு எனக்குச் செய்தி வந்து வெகு நாளாகியிருந்தது. இரண்டாவதற்கு வந்த காய்ச்சலை நினைத்துப் பார்த்து, நேரமில்லை என்று தள்ளிப்போட்டு வந்தேன். இரண்டு ஊசி போட்டுப் பலகைக்குப் பச்சை வர்ணம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேண்டீனுக்குள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் மூன்றாவதற்குப் போகவே இல்லை.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம். எனக்கு முன்னால நீங்க போடணும், நான் பாக்கணும்," என்றாள். இனிமேல் என் தலையாட்டலை அவள் நம்புவதாக இல்லை.

அண்ணன் ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஃபோர்க்லிஃப்டில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். அவரிடம் சொல்ல நான் தயாராக வைத்திருந்ததையெல்லாம் சொல்ல விடாமல், அவரே முதலில், "மன்னிச்சிருங்கக்கா," என்றார்.

எதற்கு என்றேன். பாகான் டாலாமில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் நான்கு பேருக்கு வந்திருந்ததாம். தான்தான் அதை ஃபெரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டதாக நினைத்து, ஊசி போடாத அக்காவுக்கு என்ன ஆனதோ என்று ஆஸ்பத்திரியில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அழுதாராம். நான் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், ஸ்டோர் அக்காவைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நாங்கள் மூன்று பேரும் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. யார் யாருக்குக் கொடுத்தோம் என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. அவர் அதற்கப்புறம் எப்போது போய் ஊசி போட்டுக்கொண்டார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கையை உயர்த்தும்போது வலியில் முகம் சுளித்தார், அதிலிருந்துதான் கண்டுபிடித்தோம். ஃபோர்மேனிடம் சொல்லாதீர்கள், அவன் மிரட்டித்தான் போட்டேன் என்று நினைத்துவிடுவான் என்று கேட்டுக்கொண்டார்.

நோய் வந்த பிறகு ஊசிக்கு டாக்டர் சொன்ன இடைவெளி முடிந்ததும் ஒரு சனிக்கிழமை காலை தங்கச்சியும் நானும் கிளினிக்குக் கிளம்பினோம். கூப்பிடாமலே ஸ்டோர் அக்காவும் வந்து சேர்ந்தார். தங்கச்சி டாக்டரிடம் பிள்ளை விஷயத்தைக் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். அவள் அதே கேள்வியை வேறு மாதிரி மூன்று தடவை கேட்டாள், அவரும் மூன்று தடவை சொன்னார். பிறகு என்னை முதலில் உட்கார வைத்து, ஊசி உள்ளே இறங்கி வெளியே வரும் வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் அச்சைச் சோதிக்கும்போது நான்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அவள் முறை முடிந்து வெளியே காத்திருந்தோம். தாதி வந்து, மடியில் எங்கள் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்டோர் அக்காவிடம், நீங்களும்தானே என்று மலாயில் கேட்டார். அக்கா இல்லை என்று சொன்னார். தாதி போன பிறகு, நாங்கள் கேட்காமலேயே பேசினார். அவருடைய உடன்பிறந்த தங்கை ஊசி போட்டுக்கொண்ட அதே வாரம் மாரடைப்பில் இறந்திருக்கிறார். ஏற்கெனவே இருதய நோய் இருந்தது, ஊசியால் இல்லை என்று டாக்டர்கள் எடுத்துச் சொன்னார்கள், தனக்கும் அது புரிகிறது என்றார்.

"நாந்தான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த நாற்காலியப் பாத்தா அவ உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு."

மனிதவள அம்மா கொடுத்த ஒற்றர் வேலையில் இன்னும் ஒரு ஆள் பாக்கி இருந்தது. அந்த வேலையை நான் அதோடு விட்டுவிட்டேன். தங்கச்சி அவர் மடியிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் சாப்பிட ஆசைப்பட்டோம். அக்காவைக் கடைக்குள்ளே விட மாட்டார்கள் என்பதால் மூன்று பேரும் கிண்ணத்தைக் கையில் வாங்கி ரோட்டோரத்தில் நின்றே சாப்பிட்டோம். எனக்கு இரண்டு கிண்ணம். மறுநாள் காய்ச்சல் வரப்போகிறதே என்ற தைரியம்.

இப்போது கேண்டீனில் தடுப்பு இல்லை, யாரும் எதையும் காட்டச் சொல்வதில்லை. தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. ஸ்டோர் அக்கா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார், ஊசி இன்றுவரை போடவில்லை. நானும் மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கேயாவது புதுசாக ஒரு கோவிட் வகை கிளம்பியிருப்பதாகச் செய்தி வந்தால், அன்றைக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வரும். சுகம் விசாரித்துவிட்டு, இந்தத் தடவை அதுக்கு என்னம்மா பேர் வச்சிருக்காங்க என்பார். நான் சொல்வேன். வாய்க்குள்ளேயே நுழையலையே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வேறு கதை பேசுவோம்.